வானத்துக்குப் போன தண்ணி எவ்வளவு?

போன வருசக் கோடையில் ஒரு ஏக்கர் வாழைக்குத் தினமும் நாலு மணி நேரம் மோட்டார் ஓட்டினேன். கிணறு அடியைத் தொட்டுவிட்டது. வேளாண்மை படித்த தம்பி மகன் செல்போனில் ஒரு செயற்கைக்கோள் படத்தைக் காட்டி, "பெரியப்பா, உங்க தோட்டத்துல ஒரு நாளைக்கு ரெண்டரை மில்லிமீட்டர்தான் ஆவியாப் போகுது, எதுக்கு இவ்வளவு பாய்ச்சுறீங்க?" என்றான். நம்பி ஒரு மணி நேரமாகக் குறைத்தேன். இருபது நாளில் இலை வெளுத்து, தார் சிறுத்துப் போச்சு. படத்தை எப்படிப் படிக்கணும் என்று எங்க ரெண்டு பேருக்குமே தெரியவில்லை. பிறகு தேடித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

மண்ணிலிருந்து ஆவியாகிற தண்ணீரும், இலை வழியாக ஆவியாகிற தண்ணீரும் சேர்ந்ததுதான் இந்தக் கணக்கு. செயற்கைக்கோள் தண்ணீரை அளப்பதில்லை, தரையின் சூட்டை அளக்கிறது. மண்பானை ஏன் குளிர்கிறது? கசிகிற தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 0.68 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பம் வேண்டும். அதனால் தண்ணீர் குடிக்கிற பயிர் மேலிருந்து பார்த்தால் குளிர்ச்சியாகவும், காய்ந்த தரிசு சூடாகவும் தெரியும். வந்த வெயிலில் மண்ணையும் காற்றையும் சூடாக்கியது போக மிச்சம் எவ்வளவோ, அது தண்ணீரை ஆவியாக்கியது என்று கணக்குப் போடுகிறார்கள்.

1 மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்கு சுமார் 4,000 லிட்டர். கோடையில் வளர்ந்த வாழை ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் கேட்கும். அதாவது 20,000 லிட்டருக்கு மேல். என் மோட்டார் 200 லிட்டர் டிரம்மை 72 விநாடியில் நிரப்புகிறது. மணிக்கு 10,000 லிட்டர். ஆக, ரெண்டு, ரெண்டரை மணி நேரம் போதும். நாலும் தப்பு, ஒண்ணும் தப்பு.

அப்போ அந்த ரெண்டரை எங்கிருந்து வந்தது? லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்கள் வெப்பத்தை 100 மீட்டர் சதுரமாகத்தான் அளக்கின்றன. படத்தில் 30 மீட்டர் கட்டமாகப் பிரித்துக் காட்டுவார்கள், அதில்தான் ஏமாந்தோம். 100 மீட்டர் சதுரம் என்பது ஏறக்குறைய ரெண்டரை ஏக்கர். என் ஒரு ஏக்கர் வாழையோடு பக்கத்துக்காரரின் ஒன்றரை ஏக்கர் தரிசும் அதில் கலந்துவிட்டது. மோடிஸ் தருகிற கணக்கில் கட்டம் இன்னும் பெரிசு, 500 மீட்டர். அறுபது ஏக்கருக்கு மேல். ஊருக்கு அது உதவும், நம்ம துண்டு நிலத்துக்கு உதவாது. இரண்டு லேண்ட்சாட்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒருமுறைதான் வரும், அன்றைக்கு மேகம் இருந்தால் அதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். இடைப்பட்ட நாட்களை வெயில், காற்று, ஈரப்பதம் வைத்து நிரப்புகிறார்கள்.

இந்தக் கணக்கு நமக்கு ஏன் முக்கியம் என்றால், மண் ஈரம் ஒரு பாஸ்புக் மாதிரி. மழையும் பாசனமும் வரவு. ஆவியானது, வழிந்தது, கீழே இறங்கியது செலவு. வழிந்ததும் இறங்கியதும் ஊர் ஓடைக்கோ கிணற்றுக்கோ வரும். ஆவியானது திரும்பாது. ஓடையில் எவ்வளவு ஓடும் என்று சொல்கிறவர்களும் இப்படித்தான் கழிக்கிறார்கள். ஒரு உதாரணத்துக்கு, மழை 800 மில்லிமீட்டர், ஆவியானது 650 என்று வையுங்கள். மிச்சம் 150. ஆவிக் கணக்கில் பத்து சதவீதம் பிசகினால் 65 மில்லிமீட்டர்; மிச்சத்தில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு! தடுப்பணை கட்ட இந்தக் கணக்கைக் காட்டினால், ஓடையில் உண்மையாகவே அளந்து பார்த்தார்களா என்று கேளுங்கள்.

இன்னொன்று. மிச்சப்படுத்தத்தான் சொட்டுநீர் போடுகிறோம். மிஞ்சிய தண்ணீரில் கூட ஒரு ஏக்கர் நட்டால், வானத்துக்குப் போவது குறையாது, கூடத்தான் செய்யும். இதைச் சொன்னால் கோபப்படுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. மூடாக்கு வேறு மாதிரி. அது மண்ணிலிருந்து வீணாக ஆவியாவதைக் குறைக்கிறது. ஆனால் படத்தில் இலை வழிப் போனதும் மண் வழிப் போனதும் ஒரே எண்ணாகத்தான் வருகிறது. மரம் வளர்த்த தோட்டம் குளிர்ச்சியாகத் தெரிவதை வைத்து, "இவன்தான் தண்ணி அதிகம் எடுக்கிறான்" என்று யாராவது அளவு நிர்ணயிக்க வந்தால், பயிரையும் விளைச்சலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இப்போதும் படம் பார்க்கிறேன். கூடவே வாரம் ரெண்டு தடவை ஒரு அடி ஆழத்து மண்ணை எடுத்து உருட்டிப் பார்க்கிறேன். உருண்டை பிடித்தால் அன்றைக்கு மோட்டார் போடுவதில்லை.