ஒட்டிவரும் தாளும் நம் பில் புத்தகமும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பில் புத்தகத்தில் கையால் எழுதிக் கொடுக்கும் கடைகள் இன்றும் உண்டு. புத்தகம் அச்சடிக்கக் கொடுத்தால், ‘வேஸ்டேஜ்’ என்று சில தாள்களை அச்சகத்தார் கூடுதலாகக் கணக்கில் சேர்ப்பார்கள். ஏன் என்று நாம் கேட்பதுண்டு. இயந்திரம் தாளை எடுக்கும் விதத்தில்தான் இதற்கு விடை இருக்கிறது.

பழைய டிரெடில் இயந்திரத்தில் தொழிலாளி ஒவ்வொரு தாளாகக் கையால் வைத்து எடுத்தார். தாளைத் தானே எடுத்துக்கொள்ளும் இயந்திரத்தை ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நிறுவனம் 1914-ல் லைப்சிக் கண்காட்சியில் வைத்தது. அந்த வகை இயந்திரங்களின் தயாரிப்பு 1985-ல் நின்றது. ஆயினும் எண் போடவும் கிழிகோடு இடவும் அவை இன்றும் அச்சகங்களில் உழைக்கின்றன.

வேலை நடக்கும் விதம் இதுதான். தாள் அடுக்கின் விளிம்பில் காற்று வீசி மேல் தாள்களைத் தளர்த்துகிறது. உறிஞ்சு குழாய்கள் மேல் தாளை மட்டும் தூக்குகின்றன. காற்றாடி போல் சுழலும் பிடிகள் அதைக் கவ்வி அச்சுக்குக் கொண்டுபோகின்றன.

தாளில் ஈரம் ஏறினால் விளிம்பு வளையும், தாள்கள் ஒட்டும். வெட்டுக்கத்தி மழுங்கியிருந்தாலும் விளிம்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அப்போது இரண்டு தாள் சேர்ந்து போய், மேல் தாளில் அச்சு விழ, கீழ்த்தாள் வெறுமையாக வரும். அதனால்தான் அடுக்குமுன் தாளை விசிறிவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்தத் தொல்லை அதிகம்.

அசலுக்கும் நகலுக்கும் தனித்தனியே எண் போடும்போது இடையில் ஒரு வெற்றுத்தாள் புகுந்துவிட்டால், அதன் பின் அசலில் ஓர் எண், நகலில் வேறு எண் என்றாகிவிடும். ஜி.எஸ்.டி. விதி 46-ன்படி, வரி பில்லின் எண் நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாகவும், ஒருமுறை வந்தது மீண்டும் வராமலும், 16 எழுத்துக்குறிகளுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். சரக்கு விற்பனைக்கு மூன்று பிரதிகள் போட வேண்டும்.

ஆகவே புத்தகங்களைப் பெற்றுக்கொள்ளும்போதே தாள் தாளாகப் புரட்டி, மூன்று பிரதிகளின் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்துவிடுவோம். பழுதான பில்லைக் கிழித்தெறியாமல் ‘ரத்து’ என்றெழுதிப் புத்தகத்திலேயே வைப்போம். ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் 13-வது அட்டவணையில் ரத்தான பில்களின் எண்ணிக்கையையும் காட்ட வேண்டியிருக்கிறது. மழைக்கு முன்பே அச்சு வேலையை முடித்து, புத்தகங்களை ஈரத்தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குவோம்.