வியர்வை காயாத ஊர் வெயில்

‘வேலூர்ல 41 டிகிரியாம், நம்ம சென்னையில 37தானே!’ என்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிறீர்களா? அவசரப்படாதீர்கள். வியர்த்துக் கொட்டினால் மட்டும் உடம்பு குளிர்ந்துவிடாது. அந்த வியர்வை ஆவியாக வேண்டும். கடலோரக் காற்றிலோ ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. வியர்வை காயாமல் வழிந்தோடும். சூடு உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். இதைத்தான் ‘புழுக்கம்’ என்கிறோம்.

அதனால், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அடிக்கடி தண்ணீர், நீர்மோர் என்று குடியுங்கள். (இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது.) அடுப்படி வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். வீட்டுப் பெரியவருக்கு உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சும் குழறுகிறதா? அது வெறும் மயக்கமல்ல, ஹீட் ஸ்ட்ரோக்! உடனே 108க்கு போன் செய்துவிட்டு, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் புகட்டக் கூடாது.

இதே ஈரம்தான் சில நாட்களில் இடியாகவும் வருகிறது. மதியம் உள்ளே நுழையும் கடற்காற்று, நிலத்தின் அனல்காற்றோடு மோதி மேலே எழும்பும். சாயங்காலம் இடிமேகமாகத் திரண்டுவிடும். ‘அப்பாடா, மழை!’ என்று மொட்டைமாடிக்கு ஓடாதீர்கள். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே, மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வீட்டுக்குள்ளேயே இருங்கள்.

காயப் போட்ட வடாம் நனைகிறதா? நனையட்டுமே, நாளைக்குப் பிழிந்துகொள்ளலாம்!