ப. சுப்பராயன்

பரமசிவ சுப்பராயன் (செப்டம்பர் 11, 1889 – அக்டோபர் 6, 1962) இந்திய அரசியல்வாதியும் வழக்கறிஞரும் ஆவார். இவர் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகப் பதவி வகித்தார். 1957 இல் திருச்செங்கோடு தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஜவகர்லால் நேருவின் அமைச்சரவையில் அமைச்சராக இருந்தார். மகாராட்டிரத்தின் ஆளுநராகப் பணியாற்றியபோது காலமானார்.

பிறப்பும் கல்வியும்

சுப்பராயன் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள குமாரமங்கலம் அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1997 இல் சேலம் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னர் நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ளது. சென்னை மாநிலக் கல்லூரியிலும், இங்கிலாந்தின் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாதாம் கல்லூரியிலும் பயின்றார். நாடு திரும்பிய பின் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார்.

சட்டமன்ற நுழைவு

மாண்டேகு-செம்சுபோர்டு சீர்திருத்தங்களின்படி 1920 இல் நடைபெற்ற முதல் தேர்தலில், நிலக்கிழார்களின் பிரதிநிதியாகச் சென்னை மாகாண சட்டமன்றத்திற்குத் தேர்வானார். இச்சீர்திருத்தங்கள் "இரட்டையாட்சி" முறையை ஏற்படுத்தின. கல்வி, உள்ளாட்சி, பொது நலவாழ்வு முதலான துறைகள் இந்திய அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. நிதி, காவல் போன்ற துறைகள் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே இருந்தன. எனவே, அமைச்சர்கள் தம் துறைகளுக்குத் தேவையான பணத்திற்கு நிர்வாகக் குழுவையே சார்ந்திருக்க வேண்டியிருந்தது.

முதலமைச்சர் (1926–1930)

1926 தேர்தலில் தேர்தல் மூலம் நிரப்பப்பட்ட 98 இடங்களில் சுயாட்சிக் கட்சி 41 இடங்களையும், நீதிக்கட்சி 21 இடங்களையும் பெற்றன. எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. இரட்டையாட்சியை எதிர்த்து வந்த சுயாட்சிக் கட்சி பதவியேற்க மறுத்தது; நீதிக்கட்சியும் முன்வரவில்லை. இந்நிலையில் ஆளுநர் கோசன் பிரபு, எக்கட்சியையும் சாராதிருந்த சுப்பராயனை அமைச்சரவை அமைக்க அழைத்தார். டிசம்பர் 4, 1926 இல் பதவியேற்ற அவரது அமைச்சரவையில் ஆ. அரங்கநாத முதலியாரும் ஆரோக்கியசாமி முதலியாரும் இடம்பெற்றனர்.

இவ்வரசு சொந்த வலிமையின்றி, நியமன உறுப்பினர்களையும் பிற குழுக்களின் ஆதரவையும் நம்பியே நடந்தது. 1928 இல் சைமன் ஆணையத்தைப் புறக்கணிக்க வேண்டும் என்ற தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது நெருக்கடி ஏற்பட்டது. ஆணையத்துடன் ஒத்துழைப்பதா என்பதில் எழுந்த கருத்து வேறுபாட்டால் இரு அமைச்சர்களும் பதவி விலகினர். அதன்பின் நீதிக்கட்சி ஆதரவளித்தது, எஸ். முத்தையா முதலியாரும் எம். ஆர். சேதுரத்தினம் ஐயரும் புதிய அமைச்சர்களாயினர்.

இக்காலத்தில்தான் முத்தையா முதலியாரின் முயற்சியால் அரசுப் பணிகளில் வகுப்புவாரி இட ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு 12 பணியிடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முசுலிம்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியர் மற்றும் கிறித்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1 என வகுக்கப்பட்டது. கோயில்களில் தேவதாசிகளாகப் பெண்களை ஒப்படைக்கும் வழக்கத்திற்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி மேற்கொண்ட சட்ட முயற்சிகளும், 1929 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தோற்றமும் இவ்வரசின் காலத்தவையே. 1930 தேர்தலில் நீதிக்கட்சி வென்றதை அடுத்து பொ. முனுசாமி நாயுடு முதலமைச்சரானார்.

கோயில் நுழைவு மசோதா

1932 இல் சுப்பராயன், ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில் நுழைவு உரிமை வழங்குவதற்கான மசோதாவைச் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவர முயன்றார். இதற்கு அரசப் பிரதிநிதியின் முன் அனுமதி தேவைப்பட்டது. வெலிங்டன் பிரபு 1933 சனவரியில் அனுமதி மறுத்துவிட்டார். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1939 இல், இராசாசி அரசின் காலத்திலேயே சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. அவ்வரசில் சுப்பராயனும் அங்கம் வகித்தார்.

காங்கிரசில்

காங்கிரசில் இணைந்த சுப்பராயன், 1937 இல் அமைந்த இராசாசி அமைச்சரவையில் சட்டம் மற்றும் கல்வித் துறை அமைச்சரானார். 1938 இல் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டதும் இந்தி எதிர்ப்புப் போராட்டம் மூண்டது. போரில் இந்தியாவை ஈடுபடுத்தியதை எதிர்த்துக் காங்கிரசு அரசுகள் 1939 அக்டோபரில் பதவி விலகின. 1947 இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் உள்துறையைக் கவனித்தார். இந்திய அரசியல் நிர்ணய மன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தார். 1949 முதல் 1951 வரை இந்தோனேசியாவுக்கான இந்தியத் தூதராகப் பணியாற்றினார்.

நாடாளுமன்றப் பணி

1954 இல் மாநிலங்களவை உறுப்பினரானார். 1955 இல் பி. ஜி. கேர் தலைமையில் அமைக்கப்பட்ட ஆட்சிமொழி ஆணையத்தில் இடம்பெற்றார். ஆங்கிலத்தின் இடத்தில் இந்தியை விரைந்து கொண்டுவரும் பெரும்பான்மைக் கருத்தை இவரும் வங்காள மொழியறிஞர் சுனிதி குமார் சட்டர்சியும் ஏற்கவில்லை. இருவரும் தத்தம் மாற்றுக் கருத்துகளைப் பதிவு செய்தனர். கட்டாய இந்தியைப் புகுத்திய அரசில் கல்வி அமைச்சராக இருந்த ஒருவர், இந்தி பேசாத மாநிலங்களின் அச்சத்தை நடுவண் ஆணையத்தில் எடுத்துரைத்தது அவரது அரசியல் வாழ்வின் குறிப்பிடத்தக்க மாற்றமாகும். ஆங்கிலத்தின் பயன்பாடு தொடர்வதற்கு 1963 ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டம் வழிவகுத்தது.

1957 இல் மக்களவை உறுப்பினரான பின், 1959 முதல் 1962 வரை போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறை அமைச்சராக இருந்தார். இந்தியாவில் இணைப்பாளர் உதவியின்றி வெளியூருக்கு நேரடியாகத் தொலைபேசும் வசதி, இவரது பதவிக்காலத்தில், 1960 நவம்பரில் கான்பூருக்கும் இலக்னோவுக்கும் இடையே முதன்முதலாகத் தொடங்கப்பட்டது. 1962 ஏப்ரலில் மகாராட்டிர ஆளுநரான இவர், ஆறு மாதங்களுக்குள் பதவியிலேயே மறைந்தார்.

குடும்பம்

சுப்பராயனின் மனைவி இராதாபாய், மங்களூரைச் சேர்ந்த சமூக சீர்திருத்தவாதி குத்முல் ரங்கராவின் மகள். சாதியையும் மொழியையும் கடந்த இத்திருமணம் அக்காலத்தில் அரிதான ஒன்று. இராதாபாய் 1930 இல் இலண்டனில் நடந்த முதல் வட்டமேசை மாநாட்டில் பெண்களின் பிரதிநிதியாகப் பங்கேற்றார். 1938 இல் நடுவண் சட்டமன்றத்தின் மேலவைக்குத் தேர்வான முதல் பெண்ணும் இவரே.

இவர்களுடைய பிள்ளைகள் வெவ்வேறு வழிகளில் சென்றனர். பி. பி. குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தார். மோகன் குமாரமங்கலமும் பார்வதி கிருஷ்ணனும் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்தனர். பின்னர் காங்கிரசில் இணைந்து நடுவண் அமைச்சரான மோகன், 1973 இல் விமான விபத்தில் இறந்தார். பார்வதி கோவை தொகுதியின் மக்களவை உறுப்பினராகப் பணியாற்றினார். மோகனின் மகன் ரங்கராசன் குமாரமங்கலம் சேலம் தொகுதியிலிருந்தும், பின்னர் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் மக்களவைக்குத் தேர்வானார்.

பிற பணிகள்

துடுப்பாட்டத்தில் ஈடுபாடு கொண்ட சுப்பராயன், 1938 முதல் 1946 வரை இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராக இருந்தார். அவர் நாடாளுமன்றத்தில் பேராளராக இருந்த திருச்செங்கோடு தொகுதி, தொகுதி மறுசீரமைப்பில் நீக்கப்பட்டது. 2009 பொதுத் தேர்தலிலிருந்து திருச்செங்கோடு நாமக்கல் மக்களவைத் தொகுதியின் பகுதியாக உள்ளது.