பரங்கிக்காய்

சென்னை மாநகரின் தென்பகுதியில், திருவான்மியூருக்கு மேற்கே அமைந்தது தரமணி. 1970ஆம் ஆண்டு தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், 2000ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற டைடல் பூங்கா என்னும் கணினித் தொழில் வளாகமும் இங்கு உள்ளன. நவராத்திரியின் ஒன்பதாம் நாளாகிய ஆயுத பூசை நெருங்குங்கால், இவ்வூர்க் கடைகளில் இருவகைக் காய்கள் குவிந்து கிடக்கும். ஒன்று சாம்பல் பூத்த வெண்பூசணி. மற்றொன்று செம்மஞ்சள் சதையுடைய பரங்கி.

வெண்பூசணியைத் துளையிட்டுக் குங்குமம் நிரப்பி, கண்ணேறு கழித்துத் தெருவில் உடைப்பர். உடைந்த துண்டுகளை ஓரமாக ஒதுக்காது விடுவதனால் இருசக்கர வண்டியில் வருவோர் வழுக்கி வீழ்தலும் உண்டு. வழிபாடு செய்தவர்க்குத் துண்டுகளை அகற்றும் கடமையும் உண்டன்றோ? பரங்கியோ அடுக்களைக்குச் செல்வது.

இவற்றின் பெயர்கள் ஊர்தோறும் வேறுபடும். பரங்கியைக் கொங்கு நாட்டார் அரசாணிக்காய் என்பர். வெண்பூசணியைத் திருநெல்வேலியார் தடியங்காய் என்பர். சென்னைக் கடைக்காரரிடம் பூசணி என்று மட்டும் கேட்பின், ‘வெள்ளையா, மஞ்சளா?’ என்று அவர் திருப்பிக் கேட்பார்.

பரங்கி என்னும் பெயரே அதன் பிறப்பைக் கூறுகின்றது. ஐரோப்பியரை, சிறப்பாகப் போர்த்துக்கேசியரை, நம் முன்னோர் பரங்கியர் என்றனர். அவர்கள் பதினாறாம் நூற்றாண்டில் மயிலாப்பூர்க் கடற்கரையில் குடியேறினர். தரமணிக்கு மேற்கே சில கல் தொலைவிலுள்ள பரங்கிமலையும் அவர்களால் பெயர் பெற்றதே. பரங்கிக் கொடியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அங்கு ஆண்டுதோறும் நவம்பர்த் திங்களின் நான்காம் வியாழக்கிழமையன்று, நன்றி கூறும் திருநாளில், ஐக்கிய நாட்டு மக்கள் பரங்கியால் இனிப்புப் பண்டம் செய்து குடும்பத்தோடு உண்கின்றனர்.

இங்கு ஒரு வியப்பு உண்டு. பழைமை பேணும் இல்லங்கள் பலவற்றில் உருளைக்கிழங்கு ‘இங்கிலீஷ் காய்கறி’ எனப்பட்டு விரதநாட் சமையலினின்று விலக்கப்பட்டது. பரங்கியோ ‘நாட்டுக்காய்’ எனக் கொள்ளப்பட்டது. இரண்டன் தாயகமும் அமெரிக்கக் கண்டமே! அயல்நாட்டுப் பெயரைத் தாங்கிய காய் நம்மவராய் அமர்ந்துவிட்டது. கூட்டுக்கு இடும் மிளகாயும் அவ்வாறு வந்ததே. மிளகை அறிந்த தமிழர் அதன் உறைப்பைக் கண்டு அப்பெயர் இட்டனர்.

ஆயுத பூசையன்று அரிவாள்மணைக்கும் சந்தனமும் குங்குமமும் இடுவர். பூசையில் வைத்த கருவியை உடனே எடுத்தல் வழக்கமன்று. ஆகவே இல்லத்தரசியார் வைகறையிலேயே காயை நறுக்கி வைத்துவிடுவார். காம்பு உலர்ந்து, கைக்குக் கனமாய், தோல் நகத்திற்கு இடங்கொடாது இருப்பதே முற்றிய காய். தோலைச் சீவி, உள்ளிருக்கும் நாரையும் விதையையும் நீக்கி, விரல் அகலத் துண்டுகளாக நறுக்குதல் வேண்டும். சிறு துண்டுகளாயின் குழைந்துபோம்.

கடலைப்பருப்பை முன்னரே மலர வேகவைத்துக்கொள்வர். துண்டுகளோடு மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துச் சிறிதளவு நீரே விடுவர். பரங்கியின் பெரும்பகுதி நீராதலின், வேகும்போது அதுவே நீர் விடும். இதனை அறியாது நீரை மிகுதியாகப் பெய்தவர் கூட்டுக்குப் பதிலாகக் கஞ்சியைப் பெறுவர். துண்டு முக்காற்பங்கு வெந்தபின், தேங்காயும் சீரகமும் மிளகாய் வற்றலும் அரைத்த விழுதையும் பருப்பையும் சேர்த்து ஒரு கொதி வரவிடுவர். இறுதியில் தேங்காயெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுவர். இத்தாளிப்பு மணத்திற்கு மட்டும் அன்று. பரங்கிக்கு மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் என்னும் பொருள் உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவது. அது எண்ணெயோடு சேர்ந்தாலே உடலில் நன்கு சேரும்.

முற்றிய காய், வெட்டாதவரை, காற்றோட்டமுள்ள இடத்தில் பல வாரங்கள் கெடாதிருக்கும். வெட்டிவிட்டாலோ விரைவில் அழுகும். முழுக்காய் ஒரு சிறு குடும்பத்திற்கு மிகுதியாதலின், முற்காலத்தில் அதனைக் கீற்றிட்டு அண்டை வீடுகளுக்கு அனுப்பினர். இக்காலத்தில் கடைக்காரரே கீற்றிட்டுப் பத்தையாக விற்கின்றார். விழா நாளில் மட்டும் உற்றார் ஒருங்கு கூடுவதால் முழுக்காய் வீட்டிற்கு வருகின்றது. சுண்டல், வடை, பாயசத்தோடு வாழையிலையில் கூட்டும் இடம்பெறும்.

நீக்கிய விதைகளையும் எறிவதில்லை. கழுவி வெயிலில் உலர்த்துவர். சிலவற்றைக் குழந்தைகள் வறுத்து உண்பர், சிலவற்றை ஆடித் திங்களில் வேலியோரத்தில் ஊன்றுவர்.