கிருத்திகைக்கு முன்னால் கழிப்பறையை ஒரு பார்வை பார்த்துடலாமா?



ஆடிக் கிருத்திகை வந்தால் நம் திருத்தணியில் எந்த வீடும் காலியாக இருக்காது. காவடி எடுக்கும் பெரியப்பா வீட்டார், மொட்டை போட வரும் நாத்தனார் பிள்ளைகள், நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வரும் சம்பந்தி வீட்டுக்காரர்கள் என்று ஐந்து பேர் இருந்த வீட்டில் இருபது பேர் படுத்திருப்பார்கள். அரிசி, பருப்பு, பாய், தலையணை எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கணக்குப் போடுகிறோம். ஐந்து பேருக்குக் கட்டிய கழிப்பறைக்கு மட்டும் யாரும் கணக்குப் போடுவதில்லை. இரண்டாம் நாள் காலையில் 'தண்ணி போகலையே' என்று ஒரு குரல் கேட்கும். அப்புறம் என்ன, ஆண்கள் சொம்பை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுவார்கள். வயசுப் பெண்களும் வயதான அம்மாக்களும்தான் இருட்டுகிற வரைக்கும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நம் ஊரில் பாதி வீட்டில் கழிப்பறை, பாதி வீட்டில் மருகுதொட்டி. 1960 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊராச்சே, இரண்டு பாஷையும் இருக்கத்தான் செய்யும். எந்தப் பேரில் கூப்பிட்டாலும் அதில் வரும் கோளாறு ஒன்றுதான். அதில் முக்கால்வாசியை வீட்டுச் சாமானை வைத்தே நாம் சரி செய்துவிடலாம். மீதிக் கால்வாசியில் நாம் கை வைக்கவே கூடாது. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறோம்.

அடைப்பு எங்கே?

தண்ணீர் போகவில்லை என்றதும் ஆசிட் பாட்டிலைத் தேட வேண்டாம். முதலில் அடைப்பு எந்த இடத்தில் என்று பாருங்கள். கழிப்பறைக்கும் குழிக்கும் நடுவில் சதுரமாக மூடி போட்ட சின்னத் தொட்டி ஒன்று இருக்கும். மேஸ்திரி அதைச் சேம்பர் என்பார். அந்த மூடியைத் திறந்து, சற்று விலகி நின்று, உள்ளே ஒருவரை ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். சேம்பருக்குத் தண்ணீரே வரவில்லை என்றால் அடைப்பு பீங்கானிலோ அடுத்த குழாயிலோ இருக்கிறது. இது நம் வேலை. சேம்பரிலேயே தண்ணீர் ததும்பி நிற்கிறது என்றால் குழிக்குப் போகும் குழாய் அடைத்திருக்கும், இல்லையேல் குழி நிரம்பியிருக்கும். அதற்குப் பிறகு வருகிறோம்.

பீங்கான் அடைப்புக்கு மரக்கைப்பிடி போட்ட ரப்பர் பம்ப் இருந்தால் நல்லது. இல்லை என்றால் பழைய துடைப்பக் கட்டையின் நுனியில் கந்தல் துணியை உருண்டையாகக் கட்டி, அதன் மேல் கெட்டியான பிளாஸ்டிக் பை போட்டுக் கயிற்றால் இறுக்குங்கள். பீங்கான் துவாரத்தில் சரியாகப் பொருந்துகிற அளவுக்கு இருக்க வேண்டும். துவாரம் மூழ்கத் தண்ணீர் நிற்கும்போது மெதுவாக அழுத்தி, வெடுக்கென்று இழுங்கள். இருபது முப்பது தடவை செய்ய வேண்டும். தள்ளுவதைவிட இழுப்பதில்தான் அடைப்பு அசையும். கூடவே, குளிக்கிற சூட்டில் ஒரு வாளி வெந்நீரில் இரண்டு கை சோப்புத் தூள் கரைத்து ஊற்றி அரை மணி நேரம் விடலாம். கொதிக்கிற நீர் வேண்டாம், பீங்கான் விரிசல் விட்டுவிடும். கடப்பாரை, இரும்புக் கம்பி கூடவே கூடாது. பீங்கானுக்குக் கீழே வளைந்த பகுதி உடைந்தால் தரையையே பெயர்க்க வேண்டி வரும்.

ஆப்ப சோடாவும் எலுமிச்சையும் போட்டால் நன்றாக நுரைக்கிறது என்று சொல்கிறார்கள். நுரைக்கும், வாஸ்தவம்தான். லேசான கறையும் வாடையும் போகும். ஆனால் துணி, முடி, பிளாஸ்டிக் அடைத்திருந்தால் அந்த நுரையால் ஒன்றும் ஆகாது.

குளியலறைக் குழாயைப் பற்றி நம் ஊருக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். மொட்டை போட்டு வந்து வீட்டில் தலைக்கு ஊற்றுவார்கள். ஒட்டியிருக்கும் துண்டு முடியும் சந்தனமும் சேர்ந்து சாக்கடைக் குழாயில் களிமண் மாதிரி பிடித்துக்கொள்ளும். ஜாலி மேல் ஒரு துண்டு கொசுவலையை விரித்து, நாளுக்கு இரண்டு தடவை உதறிவிட்டால் போதும். ஏற்கெனவே அடைத்திருந்தால், ஜன்னல் ஸ்கிரீன் மாட்டும் ஸ்பிரிங் ஒன்றை எடுத்து, நுனிக் கொக்கியோடு உள்ளே விட்டுச் சுற்றி இழுங்கள். முடி சுருளாக வந்துவிடும்.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் பேசிவிடுவோம். நாப்கினைக் கோப்பையில் போடவே கூடாது. அதற்குள் இருக்கும் பொடி தண்ணீரைக் குடித்துப் பல மடங்கு ஊதும், குழாய்க்குள் தக்கை போல நின்றுவிடும். 2012-ல் புதுயுகம் திட்டம் வந்ததிலிருந்து கிராமத்துப் பிள்ளைகளுக்கும் நாப்கின் கிடைக்கிறது, நல்லது. போடும் இடத்தையும் நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். காகிதத்தில் சுற்றித் தனியாக வைத்து, தூய்மைப் பணியாளரிடம் இன்னதென்று சொல்லிக் கொடுங்கள். கழிப்பறைக்குள் மூடி போட்ட டப்பா ஒன்று வைத்துவிட்டால் விருந்தாளிப் பெண்களும் கேட்கக் கூச்சப்பட மாட்டார்கள்.

வாடை ஏன் வருகிறது?

கோப்பைக்குக் கீழே வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். குழியிலிருந்து வாயு மேலே ஏறாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். கிராமப்புறத்துச் சரிவுக் கோப்பையில் அது இரண்டு சென்டிமீட்டர் உயரம்தான். நம் ஊர் மே மாத வெயிலைச் சொல்ல வேண்டுமா? நாலு நாள் வீட்டைப் பூட்டிப் போனால் அது வற்றிவிடும், வந்து கதவைத் திறந்தால் குப்பென்று அடிக்கும். ஊருக்குப் போகும்போது ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அதன் மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் ஏடு போல் மிதந்து தண்ணீர் ஆவியாகாமல் காக்கும்.

செப்டிக் டேங்க் இருக்கும் வீட்டில் காற்றுப் போக்கிக் குழாயின் வாயைப் பாருங்கள். திறந்து கிடந்தால் கொசு உள்ளே போய் முட்டையிடும். நைலான் வலையைக் கட்டுக்கம்பியால் கட்டிவிடுங்கள். துணி கட்டினால் காற்று அடைபடும், வலைதான் சரி. கோப்பைக்கும் தரைக்கும் நடுவில் இடைவெளி விட்டிருந்தாலும் வாடை வரும். நன்றாகக் காயவிட்டு வெள்ளை சிமெண்ட் பூசுங்கள். குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் எம்-சீல். இரண்டு நிறமும் ஒரே நிறமாகும் வரை பிசைந்து, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும்.

இங்கே ஒரு நிமிடம் நின்று படியுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றக் கூடாது. ஒன்றை ஊற்றிய சூட்டோடு மற்றதையும் ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நாலடிக்கு நாலடி அறையில் குனிந்து தேய்க்கிற நமக்கு அது நேராக நெஞ்சில் ஏறும். கடையில் விற்கும் கழிப்பறை கிளீனர் பலவற்றிலும் அமிலம் இருக்கிறது, ஆகவே அதோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்காதீர்கள். தப்பித் தவறிச் சேர்ந்துவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் 108. உப்புத் தண்ணீர்க் கறைக்குப் புளி போதும். இரவு கெட்டியாகக் கரைத்துத் தடவிக் காலையில் தேய்த்தால் நிறைய போய்விடும். ஆசிட் கறையோடு சிமெண்ட் இணைப்பையும் அரிக்கும், குழியில் மலத்தை மக்க வைக்கும் கிருமிகளையும் கொல்லும்.

சின்னச் சின்ன வேலைகள்

சொட்டுகிற குழாய்க்கு மேல்தொட்டி வால்வை மூடிவிட்டு, பழைய ரப்பர் செருப்பிலிருந்து வாஷர் அளவுக்கு வட்டமாக வெட்டிப் போடலாம். கொஞ்ச நாள் தாங்கும், அதற்குள் கடை வாஷர் வாங்கிவிடுங்கள். பிளஷ் டேங்க் வைத்தவர்கள் டேங்க் தண்ணீரில் பத்துச் சொட்டு உஜாலா விட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் உள்ளே ரப்பர் மூடி கசிகிறது.

தாழ்ப்பாளை மறந்துவிடாதீர்கள்! இரண்டு ஆணியும் ஒரு கொக்கியும் போதும். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குள் வயசுப் பிள்ளை போவாளா? பல்பும் எரிய வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வான வீடுகளில் குழித் தண்ணீர் கோப்பை வழியாக மேலே வருவதுண்டு. 2015 வெள்ளத்தில் நம் திருவள்ளூர் மாவட்டம் பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பிளாஸ்டிக் பையில் மணல் கட்டிக் கோப்பை வாயில் வைத்தால் தற்காலிகமாகத் தடுக்கும்.

இதற்கு மேல் நாம் இல்லை

இப்போது அந்தக் கோட்டுக்கு வருவோம். கோப்பை, குழாய், சேம்பர் வரை நம் கை போகலாம். செப்டிக் டேங்க் மூடியை நாமும் திறக்கக் கூடாது, வீட்டு ஆண்களையும் திறக்க விடக் கூடாது, கூலிக்கு ஒருவரைக் கூப்பிட்டு இறக்கவும் கூடாது. உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். அழுகிய முட்டை வாடை அடிக்கிற அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. இரண்டு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். ஒரே தொட்டியில் அண்ணன், தம்பி என்று அடுத்தடுத்துப் போன செய்திகளை நாமும் படிக்கிறோமே! உள்ளே தெரியவில்லை என்று தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதும் ஆபத்து, வாயு பற்றிக்கொள்ளும். மூடி விரிசல் விட்டிருந்தால் தகரம் போட்டு மூடாமல் புதுக் கான்கிரீட் மூடி போடுங்கள், குழந்தைகள் ஓடுகிற இடம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2013-ல் வந்த மத்தியச் சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளைத் தொட்டியில் இறக்கிச் சுத்தம் செய்ய வைத்தால், முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. லாரிக்குக் கொடுக்கிற பணம் அதிகம் என்று முணுமுணுக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கழிவு உறிஞ்சும் லாரிக்கு 14420 என்ற எண்ணைக் கூப்பிடலாம், நகராட்சியிலும் கேட்கலாம். ஆடிக் கூட்டத்தில் தெருவுக்குள் லாரி நுழைவது கஷ்டம், ஆகவே ஆனியிலேயே கூப்பிட்டுவிடுவது நல்லது.

இரட்டைக் குழி வைத்தவர்களுக்கு லாரியே வேண்டாம். 1970-ல் பீகாரில் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக் நாடு முழுக்கப் பரப்பிய முறை அது. ஒரு குழி நிரம்பியதும் சேம்பரில் அந்தப் பக்கத்துத் துவாரத்தைச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்து, அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். நிரம்பிய குழியை இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் வாடையில்லாத கறுப்பு மண்ணாகிவிடும். வாழைக்கும் தென்னைக்கும் போடலாம். குளியல் தண்ணீரை மட்டும் இந்தக் குழியில் விடாதீர்கள், சீக்கிரம் நிரம்பிவிடும். நம் மலையடிவாரத்தில் சில வீடுகளில் ஒரே குழியை ஆழமாகத் தோண்டப் பார்த்துப் பாறையில் முட்டி நிற்கிறார்கள். அங்கே ஆழத்தைக் குறைத்து அகலப்படுத்தி, தரைக்கு மேலே கொஞ்சம் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள்.

திருச்சி கல்மந்தையில் பொதுக் கழிப்பறையையே பெண்கள் குழுவினர் கட்டணம் வாங்கி நடத்திக் காட்டினார்கள், கிராமாலயா நிறுவனம் கூட நின்றது. நாம் இப்போதைக்குச் சின்னதாக ஆரம்பிக்கலாம். ஒரு ரப்பர் பம்ப், ஒரு ஸ்கிரீன் ஸ்பிரிங், ஒரு ஜோடி நீள ரப்பர் கையுறை, ஒரு பாக்கெட் எம்-சீல். அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் பொதுச் செலவில் இதை வாங்கி, ஊக்குநர் வீட்டில் ஒரு வாளியில் போட்டு வைப்பது பற்றித் தீர்மானம் போடுங்கள். யார் வாங்கிப் போனாலும் கழுவிக் காயவைத்துத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.