வழுக்கப் போகிறோம்... எந்த ஊருக்கு?

இந்த வாரம் உங்களிடம் ஒரு பொறுப்பை ஒப்படைக்கப் போகிறேன். தேர்வோ என்று பயந்துவிடாதீர்கள். மதிப்பெண் எல்லாம் கிடையாது. ஆனால், நீங்கள் தப்பாக முடிவு செய்தால் பத்துப் பேரின் பயணம் பாழாகும். யாராவது ஒருவரின் கை எலும்பு முறிந்தாலும் முறியலாம்!

இங்கிலாந்தில் பல பள்ளிகள், மாணவர்களை ஆல்ப்ஸ் மலைக்குச் சுற்றுலா அழைத்துச் செல்வது வழக்கம். பனியில் சறுக்கக் கற்றுக்கொள்வதற்காகவே இந்தச் சுற்றுலா. அப்படி ஒரு குழு கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். எட்டு மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள். ஆறு நாள் பயணம். எல்லாருக்கும் 'ஸ்னோபோர்டு' கற்றுக்கொள்ள ஆசை. பத்துப் பேரில் ஒருவர் கூட இதுவரை அந்தப் பலகையில் ஏறியதில்லை. ஒரு பையனுக்கு உயரம் என்றாலே நடுக்கம். ஒரு பெண்ணுக்கோ பயம் என்றால் என்னவென்றே தெரியாது!

இவர்களை எந்த ஊருக்கு அனுப்பலாம்? முடிவு சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அதற்கு முன், அந்தப் பலகையின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

அப்பா செய்த பொம்மை

1965ம் ஆண்டு, கிறிஸ்துமஸ் நாள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள மஸ்கீகன் என்ற ஊரில், ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர் வாழ்ந்து வந்தார். தன் பெண் குழந்தைகள் விளையாடுவதற்காக, இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றாகப் பிணைத்துக் கொடுத்தார். குழந்தைகள் அதன் மேல் நின்றபடியே மேட்டிலிருந்து சறுக்கி வந்தனர். அதைப் பார்த்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும், 'எனக்கும் ஒன்று வேண்டும்' என்று கேட்க ஆரம்பித்துவிட்டனர்!

பனிக்கு ஆங்கிலத்தில் 'ஸ்னோ'. கடல் அலையில் சறுக்குபவர் 'சர்பர்'. இரண்டையும் சேர்த்து 'ஸ்னர்பர்' என்று அந்தப் பலகைக்குப் பெயர் வைத்தவர், பாப்பனின் மனைவி. பிறகு 1977ல், ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் என்பவர் வெர்மான்ட் மாநிலத்தில் இத்தகைய பலகைகளைச் செய்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். கால்களைப் பலகையோடு பிணைக்கும் பட்டைகள் வந்த பிறகு, பலகையைத் திருப்புவதும் நிறுத்துவதும் எளிதாயிற்று. முதலில் பல பனிச்சறுக்கு மையங்கள், 'இந்தப் பலகையோடு உள்ளே வராதே' என்று விரட்டின. ஆனால், 1998ல் ஜப்பானின் நகானோ நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்டுக்கும் இடம் கிடைத்துவிட்டது. பொம்மையாகப் பிறந்தது, 33 ஆண்டுகளில் ஒலிம்பிக் விளையாட்டாகிவிட்டது!

சாதாரண பனிச்சறுக்கில் காலுக்கு ஒன்றாக இரண்டு கட்டைகள் இருக்கும். கையில் இரண்டு ஊன்றுகோல்களும் உண்டு. ஸ்னோபோர்டில் பலகை ஒன்றுதான். இரண்டு கால்களையும் அதில் பூட்டிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும். ஊன்றுகோல் கிடையாது. இந்த வித்தியாசத்தை மறந்துவிடாதீர்கள். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது இதுதான் நமக்கு வழிகாட்டும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

முதல் கேள்வி: சரிவு எப்படி? ஐரோப்பாவில் சறுக்குப் பாதைகளுக்கு நிறம் கொடுத்திருக்கிறார்கள். நீலம் எளிது, சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம். பிரான்சில் நீலத்தைவிட எளிதாகப் பச்சை நிறப் பாதையும் உண்டு. ஆனால், ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலியில் பொதுவாக நீலத்திலிருந்துதான் தொடங்கும். ஆகவே, 'எங்கள் ஊரில் பச்சைப் பாதையே இல்லை' என்று ஒருவர் சொன்னால், அங்கே எளிய பாதை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. எந்த நாடு என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது: மேலே எப்படிப் போவது? வழுக்கிக் கீழே வந்தால் மறுபடி மேலே ஏற வேண்டுமே! அதற்குத்தான் லிப்ட். சில இடங்களில் கம்பியில் தொங்கும் ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டால், அது நம்மைப் பனி மேலேயே இழுத்துச் செல்லும். கட்டைக்காரர்கள் நேராக நின்று போய்விடுவார்கள். பக்கவாட்டில் நிற்கும் பலகைக்காரர்களுக்கு இது பெரிய சோதனை. பாதி வழியில் விழுந்து உருளும் புதியவர்கள் ஏராளம். நாற்காலி லிப்ட், ரோப் கார் போன்ற கோண்டோலா ஆகியவை இவர்களுக்கு மேல். இன்னும் நல்லது, 'மாயக் கம்பளம்'. விமான நிலையத்தில் பெட்டிகள் நகர்ந்து வருமே, அதுபோன்ற அகலமான பட்டை. அதன் மேல் ஏறி நின்றால் போதும்!

மூன்றாவது: சமதளப் பாதைகள் நிறைய உண்டா? இது வேடிக்கையான கேள்வியாகத் தோன்றும். சமதளம் எளிதுதானே என்பீர்கள். இல்லை! சமதளத்தில் பலகை நின்றுவிடும். தள்ளிக்கொண்டு போக ஊன்றுகோலும் இல்லை. ஒரு காலைக் கழற்றி, பனியை உதைத்து உதைத்து நகர வேண்டும். புதியவர்களுக்கு இதிலேயே பாதி பலம் போய்விடும்.

நான்காவது: உயரம் என்ன, மாதம் என்ன? ஆல்ப்ஸ் மலையில் பெரும்பாலான ஊர்களில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சறுக்கலாம். தாழ்வான ஊர்களில் பனி சீக்கிரம் உருகும். புவி வெப்பமடைவதால் இந்தக் கவலை ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. எனவே, மார்ச் மாதம் போவதென்றால் உயரமான ஊர் நல்லது. இன்னொன்று, கூட்டம். பிரான்சில் பிப்ரவரி, மார்ச் வாக்கில் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை. எல்லாரும் ஒரே நேரத்தில் மலைக்குப் படையெடுக்காமல் இருக்க, நாட்டை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, வேறு வேறு வாரங்களில் விடுமுறை தருகிறார்கள். அப்படியும் கூட்டம்தான்!

ஐந்தாவது: எல்லாரும் சுலபமாகச் சந்திக்க முடியுமா? தங்கும் இடம், பயிற்சி மைதானம், சாப்பாட்டுக் கடை எல்லாம் அருகருகே உள்ளனவா? புதியவர்கள் நாள் முழுக்கப் பலகையைச் சுமந்து பஸ்சில் அலைந்தால், கற்பது எப்போது?

நான்கு ஊர்கள்

கேள்விகள் தயார். இப்போது ஊர்களைப் பார்ப்போம்.

சமோனி: பிரான்சில், மோன் பிளாங் சிகரத்தின் அடிவாரத்தில் உள்ள புகழ்பெற்ற ஊர். 1924ல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது இங்கேதான். பெயரைக் கேட்டதும் பலரும், 'இங்கேயே போகலாம்' என்பார்கள். அவசரப்படாதீர்கள்! சறுக்கும் இடங்கள் பள்ளத்தாக்கு நெடுகப் பிரிந்து கிடக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பஸ்சில்தான் போக வேண்டும். செங்குத்தான பாதைகள் அதிகம். தேர்ந்தவர்களுக்கு இது சொர்க்கம். நம் பத்துப் பேருக்கு?

பான்ஸ்கோ: பல்கேரியா நாட்டில், பிரின் மலையில் உள்ளது. இந்த மலையின் தேசியப் பூங்காவை 1983ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது யுனெஸ்கோ. ஆல்ப்ஸ் ஊர்களோடு ஒப்பிட்டால் செலவு குறைவு. ஆனால், பயிற்சி மைதானம் ஊருக்குள் இல்லை. மலை மேலே இருக்கிறது. ஊரிலிருந்து கோண்டோலா ஏறித்தான் போக வேண்டும். விடுமுறை நாட்களில் காலை வேளையில் வரிசை நீண்டுவிடும். உயரம் என்றால் நடுங்கும் பையனுக்கோ முதல் நாளே கோண்டோலா பயணம்!

லிவிக்னோ: இத்தாலியில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி, சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. 'குட்டி திபெத்' என்பது இதன் செல்லப் பெயர். நீளமான பள்ளத்தாக்கில் ஊர்; இரு பக்கமும் மலை. மென்மையான பயிற்சிச் சரிவுகள் ஊரின் விளிம்பிலேயே தொடங்குகின்றன. வரி விலக்கு பெற்ற ஊர் என்பதால் பல பொருட்கள் மலிவு. 2026 குளிர்கால ஒலிம்பிக்கின் ஸ்னோபோர்டு போட்டிகளுக்கு இந்த ஊரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். குறை? விமான நிலையங்கள் தொலைவு. மிலான் நகரிலிருந்து மலைப்பாதையில் பல மணி நேரம் பஸ்சில் போக வேண்டும். குளிரும் கடுமை.

அவோரியாஸ்: பிரான்சில், 1,800 மீட்டர் உயரத்தில், 1960களில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர். இங்கே கார்களுக்கு அனுமதி இல்லை! தெருக்களே பனிதான். பெட்டி படுக்கைகளைக் குதிரைகள் இழுக்கும் பனிவண்டியில் ஏற்றிச் செல்லலாம். தங்கும் விடுதியின் வாசலிலேயே பலகையைப் பூட்டிக்கொண்டு கிளம்பலாம். குழந்தைகளுக்கென்று தனிப் பயிற்சி மையம் உண்டு. அதை நிறுவியவர், ஆனி பமோஸ் என்ற முன்னாள் பனிச்சறுக்கு வீராங்கனை. ஜெனிவா விமான நிலையத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம். குறை? மரங்கள் குறைந்த உயரமான இடம். பனிமூட்டம் வந்தால், எது மேடு, எது பள்ளம் என்றே தெரியாது. செலவும் கூடுதல்.

கடைசியில் வருபவன்

முடிவு சொல்வதற்கு முன், என் அனுபவம் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு மலைக்கு அழைத்துச் சென்றேன். வேகமாக ஏறும் பிள்ளைகளோடு நானும் உற்சாகமாக முன்னால் போய்விட்டேன். உச்சியில் தலையை எண்ணினால், ஒரு தலை குறைகிறது! நெஞ்சு படபடக்க இறங்கி ஓடினேன். பாதி வழியில், செருப்பு அறுந்துபோய், ஒரு பாறை நிழலில் உட்கார்ந்திருந்தான் அந்தப் பையன்.

'ஏண்டா கூப்பிடல?' என்று கேட்டேன்.

'மெதுவா வர்றேன்னு எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க, சார்' என்றான்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், தப்பு அவனுடையது அல்ல, என்னுடையது. அன்று முதல் எந்தச் சுற்றுலா போனாலும், நான் நடப்பது கடைசிப் பிள்ளையோடுதான். குழுவின் வேகம் என்பது, முதலில் ஓடுபவனின் வேகம் அல்ல. கடைசியில் வருபவனின் வேகம்.

பனிமலைக்கும் இதே கணக்குதான். பயமே இல்லாத பெண்ணை மனதில் வைத்து ஊரைத் தேர்ந்தெடுத்தால், நடுங்கும் பையன் ஆறு நாளும் விடுதி ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான். அல்லது, கிண்டலுக்குப் பயந்து, தன்னால் முடியாத சரிவில் ஏறிவிடுவான். அது இன்னும் ஆபத்து.

என் ஓட்டு அவோரியாசுக்கு. பள்ளி விடுமுறைக் கூட்டம் குறைந்த பின், மார்ச் மாதத்தில் போகலாம். அப்போது பகலில் பனி சற்று இளகியிருக்கும். விழுந்தாலும் அடி குறையும். அதிகாலையில் மட்டும் இறுகிப்போய்க் கல்லாக இருக்கும். எனவே பயிற்சியைக் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கலாம். பையன் வாசலுக்கு அருகிலேயே விழுந்து எழுந்து பழகலாம். பெண் பயிற்சியாளருடன் மேலே போகலாம். மதியம் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடலாம். பணம் குறைவு, நீண்ட பயணம் பரவாயில்லை என்றால் லிவிக்னோவும் சரியான விடைதான். குழு மாறினால் விடையும் மாறும்.

விழவும் கற்க வேண்டும்!

முதல் இரண்டு, மூன்று நாட்கள் விழுந்துகொண்டே இருப்பார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால், விழும்போது கையை நீட்டி ஊன்றுவது தப்பு. புதிதாக ஸ்னோபோர்டு கற்பவர்களுக்கு மணிக்கட்டு எலும்பு முறிவது சகஜம். முன்பக்கம் விழுந்தால், முழங்கால் முதலில். பிறகு விரல்களை மடக்கியபடி முன்கை. பின்பக்கம் விழுந்தால், மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, உட்காருவதுபோல் விழ வேண்டும். மணிக்கட்டுக் கவசமும் ஹெல்மெட்டும் அவசியம். இத்தாலியில் 2005 முதல் 14 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், 2022 முதல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயமானது. 2025 நவம்பரிலிருந்து பெரியவர்களுக்கும் கட்டாயம்!

பனிச்சறுக்குக்கு என்று உள்ள பன்னாட்டுக் கூட்டமைப்பு, பத்து நடத்தை விதிகளை வகுத்திருக்கிறது. அதில் ஒன்று: முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராதபடி, பின்னால் வருபவர்தான் தன் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொன்று: யாருக்காவது விபத்து என்றால், அருகில் இருப்பவர் உதவியே தீர வேண்டும். சறுக்குவதற்கு மட்டுமல்ல, சாலைக்கும் பொருந்தும் விதிகள், இல்லையா?

துளித் துளியாய்...

* பனி, சூரியனின் புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். அதனால், குளிர் ஊரிலும் கறுப்புக் கண்ணாடியும் முகத்துக்குக் களிம்பும் தேவை.

* பனிச்சரிவு ஆபத்தை ஐரோப்பாவில் 1 முதல் 5 வரை எண் கொடுத்து அறிவிக்கிறார்கள். 1993 முதல் இந்த முறை உள்ளது. புதியவர்கள், குறியிட்ட பாதையை விட்டு விலகவே கூடாது.

* ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே அவசர எண்: 112.

* பலகையில் இடது கால் முன்னால் இருந்தால் 'ரெகுலர்'. வலது கால் முன்னால் இருந்தால் 'கூபி'. இரண்டுமே சரிதான்!

சரி, குழந்தைகளே... உங்கள் ஓட்டு எந்த ஊருக்கு? ஒரு தாளில் நான்கு ஊர்களையும் ஐந்து கேள்விகளையும் கட்டம் போட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துப் பாருங்கள். அடுத்த முறை உங்கள் வகுப்பில் சுற்றுலா பற்றிப் பேச்சு வரும்போதும், 'எந்த இடம் அழகு?' என்று கேட்பதற்கு முன், 'நம்மில் மெதுவாக நடப்பவர் யார்?' என்று கேளுங்கள். உங்கள் ஆசிரியர் நிச்சயம் சந்தோஷப்படுவார்!