பழைய வீட்டு வண்டியும் அதனைச் செப்பனிடும் முறையும்

உண்ணவும் உறங்கவும் வேண்டிய வசதிகளைத் தன்னகத்தே கொண்டு, நின்ற இடமெல்லாம் வீடாய் விளங்கும் மோட்டார் வண்டியை வீட்டு வண்டி என்னலாம். கூண்டு வண்டியில் பாயும் பாத்திரமும் ஏற்றிக் குடும்பத்தோடு திருவிழாவிற்குச் சென்ற நம் முன்னோர்க்கு இக்கருத்துப் புதியதன்று. ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் கம்பெனியார் 1950-ல் செய்யத் தொடங்கிய வேனுக்குள், அடுத்த ஆண்டே வெஸ்ட்பாலியா என்னும் தொழிற்சாலையார் படுக்கையும் அலமாரியும் அமைத்துத் தந்தனர். 1960-களிலும் 1970-களிலும் ஐரோப்பிய இளைஞர் பலர் இத்தகைய வண்டிகளில் துருக்கி, ஈரான் வழியாகத் தரைமார்க்கமாய் இந்தியா வரை வந்தனர். பழைய வேன் ஒன்றை வாங்கி இவ்வாறு அமைத்துக்கொள்ள விரும்புவோர் இன்று நம் நாட்டிலும் உளர். அன்னார்க்குப் பயன்படும் சில செய்திகளை இங்குக் கூறுவோம்.

இத்தகைய வண்டியை வாங்கியோர் பெரும்பாலும் முதலில் செய்வது யாது? மெத்தை தைப்பதும், திரை கட்டுவதும், புதுவர்ணம் பூசுவதுமேயாம். இம்முறை தலைகீழானது. உயிர்க்கு இடர் தருவதை முதலிலும், வழியில் வண்டியை நிறுத்துவதை அடுத்தும், வசதிக்குரியதை இறுதியிலும் கவனித்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் குறை பெரும்பாலும் சிறிது; தெரியாத குறையே பெரிது. 1956 நவம்பர் 23-ஆம் நாள் விடியற்காலையில், அரியலூர்க்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதை இப்பகுதியார் மறந்திலர். பெருவெள்ளம் அடியில் செய்த அழிவு, இருளில் மேலே ஓடிவந்த ரயிலுக்குத் தெரியவில்லை. மந்திரியாயிருந்த லால் பகதூர் சாஸ்திரியார் அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். அடியில் இருப்பதை முதலில் நோக்குக என்பதே இதனால் வண்டியுடையார் கொள்ளத்தக்க பாடம்.

ஆதலின் தொடங்க வேண்டிய இடம் பிரேக்கு ஆகும். நூறு லிட்டர்த் தண்ணீர் ஏற்றினால் நூறு கிலோகிராம் எடை கூடுகிறது. கட்டிலும் அடுப்பும் பாட்டரியும் வேறு. இத்துணைச் சுமையையும் பழைய பிரேக்கே தாங்க வேண்டும். பிரேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக ஈர்த்துக்கொள்ளும். ஈரம் மிக்க எண்ணெய் இறக்கத்தில் சூடேறியதும் கொதித்து ஆவியாகும். ஆவி எளிதில் அழுந்துமாதலால், மிதித்த கால் உள்ளே செல்லும், வண்டியோ நில்லாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றினால் இவ்விடர் நீங்கும். மிகப் பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே குழாய்த்தொடர் இருப்பதால், ஓரிடத்தில் ஒழுகினும் பிரேக்கு முழுதும் போய்விடும். இரட்டைத் தொடராக மாற்றுதல் செலவிற்கேற்ற பயன் தரும் திருத்தமாம். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு அது செய்யப்பட்ட வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் காட்டும். பூ தேயாதிருப்பினும் முதிர்ந்த ரப்பர் வெடிக்கும்.

அடுத்தது வெப்பம். இங்குப் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிக்கே உரிய சூட்சுமம் ஒன்றுண்டு. ஏறத்தாழ ஏழு கோடி ஆண்டுகட்கு முன் இங்கே கடல் இருந்தது. அக்கடலின் சிப்பிகள் படிந்து இறுகிய சுண்ணாம்புக் கல்லே இன்று அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளுக்கு உணவாகிறது. அக்கல்லினூடே ஊறிவரும் கிணற்று நீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கொணர்கிறது. அந்நீரை ரேடியேட்டரில் ஊற்றிச் சூடேற்றினால், கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் சிதைந்து, கரியமில வாயு வெளியேற, கால்சியம் கார்பனேட் வெண்ணிறப் பொருக்காகக் குழாய்ச் சுவரில் படிகிறது. வெந்நீர்ப் பானையின் அடியில் நாம் காணும் பொருக்கும் இதுவே. பொருக்கு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே சித்திரை வெயிலில் எஞ்சின் கொதிக்கிறது. தொன்மைக் கடலின் சிப்பியே வண்டியை நிறுத்துகிறது என்றாலும் பொருந்தும்!

இதற்குப் பரிகாரம் எளிது. எலுமிச்சையிலுள்ள அதே சிட்ரிக் அமிலத்தை நீரில் இளக்கமாகக் கலந்து பொருக்கைக் கரைத்துப் பன்முறை கழுவுக. பின்னர் வடிநீரும் குளிர்விப்புத் திரவமும் கலந்து நிரப்புக. வழியில் கிணற்று நீர் ஊற்ற நேர்ந்தால், வீடு திரும்பியதும் அதனை வடித்துவிடுக. மூடியையும் சோதித்தல் வேண்டும். ஏழு பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, நீரின் கொதிநிலையை ஏறத்தாழ 11 டிகிரி சென்டிகிரேடு உயர்த்துகிறது. தேய்ந்த மூடியால் அந்நன்மை இழக்கப்படும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறவற்க.

மூன்றாவது எரிபொருள். இந்நாளைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. பழைய ரப்பர்க் குழாய்கள் இதனால் மென்மையுற்று வெடிப்பதுண்டு. சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டுதல் தீக்கு வித்தாகும். எத்தனாலைத் தாங்கும் புதுக்குழாய்களை இடுதல் சிறு செலவே. சுண்ணாம்புக்கல் லாரிகள் செல்லும் சாலைகளில் தூசி மிகுதியாதலின், காற்று வடிகட்டியையும் அடிக்கடி பார்த்தல் நன்று.

நான்காவது மின்சாரமும் வாயுவும். விளக்கிற்கும் விசிறிக்கும் எஞ்சின் பாட்டரியையே பயன்படுத்தினால், காலையில் வண்டி கிளம்பாது. வீட்டிற்கென வேறு பாட்டரி வைத்து, எஞ்சின் ஓடுகையில் மட்டும் இரண்டும் இணையுமாறு ரிலே அமைத்தல் முறை. ஒவ்வொரு பாட்டரிக்கும் மிக அருகிலேயே பியூசு இருத்தல் வேண்டும். சமையல் வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆதலின் தரையோடு ஒட்டிய திறப்பு இல்லாத வண்டியில் அடுப்பு வைத்தலாகாது.

சட்டத்தையும் அறிதல் நலம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவில் கண்ட அமைப்பை விருப்பம்போல் மாற்றுதல் கூடாது. பதிவதிகாரியின் இசைவு வேண்டும். சொந்த வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுக்கு மேல் ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படுவது. ஐம்பது ஆண்டு கடந்ததைத் தொன்மை வண்டியெனப் பதியவும் 2021-ல் விதி வந்தது. ஆயினும் அவ்வாறு பதிந்ததைக் கண்காட்சி முதலியவற்றிற்கன்றி நாள்தோறும் சாலையில் ஓட்டலாகாது. பெரிதும் மாற்றியமைத்த வண்டியை அவ்வகையில் பதிதலும் இயலாது. பயணத்திற்கென வண்டி வைப்போர் இதனை முன்னரே எண்ணுக.

யாவும் முடிந்தபின் ஒரு சோதனை. நீரும் சாமானும் முழுதும் ஏற்றி, பெரம்பலூரினின்று அரியலூர் வரை சென்று மீள்க. திரும்பியதும் வண்டிக்கு அடியில் காகிதம் விரித்து ஒழுக்கு உண்டா என நோக்குக. சக்கரக் குடங்களின் அருகே கை வைத்து, ஒன்று மட்டும் மிகுதியாய்ச் சுடுகிறதா என அறிக. குறை தோன்றின் வீடு அருகிலேயே உள்ளது. தோன்றாவிடில் சாத்தனூரின் கல்மரத்திற்கும் கங்கைகொண்ட சோழபுரத்திற்கும், அவற்றிற்கு அப்பாலும் குடும்பத்தோடு அச்சமின்றிச் செல்லலாம். திரையும் மெத்தையும் அதன்பின் தைத்துக்கொள்ளலாம்.